கதவுக்கு வெளியே நாற்பது நிமிடம்

ஏப்ரல் 4

தம்பிக்கு,

என் எண்ணை நீ தடுத்து வைத்திருக்கிறாய். உன் மனைவியும் எடுப்பதில்லை. தபால்காரர் மேல் உனக்குக் கோபம் இருக்க நியாயமில்லை என்பதால் தபாலில் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதானாலும் கடைசி வரை படித்துவிட்டுக் கிழி.

அப்பா நேற்று பேசினார். ஜூன் மாதம் நான்கு நாள் எல்லோரும் சேர்ந்து எங்காவது போவது இந்த வருடமும் உண்டா என்று கேட்டார். “ரெண்டு பேரும் வந்தா வரேன். ஒருத்தர் முறுக்கிக்கிட்டாலும் நான் வீட்டுலயே கிடக்கறேன், விட்டுடுங்க” என்கிறார். தங்கும் இடம் பார்க்கும் வேலை வழக்கம் போல என் தலையில்.

மூன்று இடங்களை நேரில் போய்ப் பார்த்தேன். கடற்கரை வீடு அழகு, ஆனால் படுக்கையறைக்குக் கதவே இல்லை, திரைதான் தொங்குகிறது. கூடத்தில் யாராவது தும்மினால் உன் மகள் எழுந்துவிடுவாள். வேண்டாம். இரண்டாவது, பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு விடுதி. கீழ்த்தளத்தில் கடைசி இரண்டு அறைகள்தான் காலி. சுவருக்கு அந்தப் பக்கம் விடுதியின் துணி துவைக்கும் மெஷின்கள் ஓடுகின்றன. எந்தப் புத்திசாலி அதற்குப் பக்கத்தில் படுக்கையறை கட்டினானோ! அதுவும் வேண்டாம்.

மூன்றாவது ஏரிக்கரை வீடு. பின்பக்கம் தனி அறை, கெட்டியான கதவு. ஒரே ஜன்னல், அதற்குத் தடித்த கறுப்புத் திரை. பகல் பன்னிரண்டரை மணிக்கு இழுத்துவிட்டுப் பார்த்தேன், என் கை எனக்கே தெரியவில்லை. கதவை மூடி மீட்டரை வைத்தேன். 25 டெசிபல். ஆலை ஆலையாகப் போய்ச் சத்தம் அளந்து எனக்குப் பதினெட்டு வருடம் ஆகிறது. மனிதர் குடியிருக்கும் வீட்டில் இவ்வளவு அமைதியை இரண்டாவது தடவையாகத்தான் பார்க்கிறேன். முதல் தடவை, போன வருடத்து மலை வீடு. அதை உனக்காகத்தான் தேடிப் பிடித்தேன். மூன்றாம் நாளே சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போனாய்.

உங்கள் மடக்குத் தொட்டில் பத்து மாதமாக என் வீட்டு வாசலறையில் நிற்கிறது. தினமும் அதில் கால் இடித்துக்கொள்கிறேன்.

ஏரிக்கரை வீட்டுக்காரர் இருபதாம் தேதிக்குள் பதில் கேட்கிறார். சரி என்று ஒரு வார்த்தை எழுது போதும்.

அக்கா


ஏப்ரல் 9

மதிப்பிற்குரிய ஆபீசரம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. கடைசி வரை படித்தேன். இருபத்தைந்து டெசிபலாம். சந்தோஷம். அதைக் கட்டிக்கொண்டு நீயே நான்கு நாள் தூங்கு. நாங்கள் வரவில்லை.

சொல்லாமல் கிளம்பினேன் என்கிறாய். அன்றைக்கு வாயைத் திறந்திருந்தால் அப்பா முன்னால் என்னவெல்லாம் வந்திருக்குமோ, அதனால்தான் பெட்டியை எடுத்தேன். அன்று சொல்லாததை இன்று எழுதுகிறேன்.

என் மகள் பட்டாணிக்கு அப்போது பதினான்கு மாதம். முதல் நாள் மதியம் தூங்கவில்லை. புது இடம் என்றோம். இரவு நாலு தடவை அலறிக்கொண்டு எழுந்தாள். இரண்டாம் நாளும் அதே கதை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த நீள வராந்தாவில் என் மனைவி நடந்த நடையை நேராக நடந்திருந்தால் வீட்டுக்கே வந்து சேர்ந்திருப்பாள். மூன்றாம் நாள், ஈறு வீங்கி வலிக்கிறதோ என்று சந்தேகம் வந்தது. மருந்துக்கடையில் வேலை செய்கிறவள் அவள், எதை வாங்குவது என்று அவளுக்குத்தான் தெரியும். மலை இறங்கும் பாதையில் உன் வண்டியை ஓட்ட நான் வேண்டும். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் பன்னிரண்டே முக்காலுக்குக் கிளம்பினோம். “அழுதா உடனே தூக்கிக்கோங்கக்கா” என்று அவள் உன்னிடம் இரண்டு தடவை சொன்னாள். நான் சாட்சி.

திரும்பி வந்தது ஒன்றரைக்கு மேல். நீ அறைக்கு வெளியே நிற்கிறாய். ஒரு கை கதவுக் கைப்பிடியில். மறு கையில் மீட்டர். முகத்தில் பரீட்சையில் முதல் மார்க் வாங்கின களை. “உஷ்! தூங்கிட்டா. தானாவே தூங்கிட்டா, பாத்தியா?”

உள்ளே போனேன். முகம் சிவந்து வீங்கியிருந்தது. முடி வியர்வையில் நெற்றியோடு ஒட்டியிருந்தது. தூக்கத்திலும் விம்மிக்கொண்டிருந்தாள். வெளியே வந்தால் மேஜை மேல் உன் நோட்டு திறந்து கிடக்கிறது. ஒரு பக்கம் நேரம், ஒரு பக்கம் எண். 1.00 – 94. 1.10 – 97.

என் மகள் அழுததை அளந்து எழுதியிருக்கிறாய் அக்கா. பாய்லர் சத்தத்தை அளக்கிற மாதிரி.

அப்பா தோட்டத்தில் காதுக் கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காது கேட்காது. உனக்கு?

இன்னொன்று. நாங்கள் குடிவந்த அன்றைக்கு, “லிஃப்ட் மெக்கானிக்குக் கொடுத்த வீட்டைப் பாரு, மெஷின் ரூமுக்குள்ளயே குடித்தனம்” என்று சிரித்தாய். மாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறைக்கு ஒட்டினாற்போல் எங்கள் படுக்கையறை. சுவரில் மீட்டரை வைத்து, 48 என்று முகம் சுளித்தாய். அந்த 48-இல்தான் என் மகள் தினமும் மதியம் இரண்டு மணி நேரம் அசையாமல் தூங்குகிறாள். இடத்தில் ஒன்றும் இல்லை. மனிதர்களில் இருக்கிறது.

தொட்டிலை யாருக்காவது கொடுத்துவிடு.

தம்பி


ஏப்ரல் 13

தம்பி,

ஆபீசரம்மா என்று எழுதினால் நான் அழுவேன் என்று நினைத்தாயா? ஆபீசில் தினமும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

நடந்ததை எழுதினாய். பாதியை விட்டுவிட்டாய். மீதியை நான் எழுதுகிறேன்.

மலை வீட்டுக்கு வந்த ஒரு மணி நேரத்தில் உன் மனைவி ஒரு தாளை அறைக் கதவில் ஒட்டினாள். ஏழு கட்டளை. குழந்தை தூங்கும்போது தண்ணீர்க் குழாயைத் திறக்கக் கூடாது. மரப் படியின் நடுவில் கால் வைக்கக் கூடாது, ஓரத்தில் வைக்க வேண்டும். நாற்காலியை இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். அப்பாவுக்கு எழுபத்து மூன்று வயது. அவர் படியின் ஓரமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு திருடன் மாதிரி இறங்கியதை நான் பார்த்தேன். இரண்டு நாள் அந்த வீட்டில் ஐந்து பேரில் நாலு பேர் கிசுகிசுத்தோம், ஒருத்தி கத்தினாள். இதற்குப் பெயர் விடுமுறையா?

அவ்வளவு செய்தும் தூங்கினாளா? இல்லை. தோளில் போட்டால் கண்ணை மூடுவாள், தொட்டிலில் வைத்தால் திறப்பாள். அவளைத் தோளுக்குப் பழக்கியது யார்? நானா?

நான் தூக்கவில்லை. ஒப்புக்கொள்கிறேன். ஒருத்தராவது தூக்காமல் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். நாற்பது நிமிடம் அழுதாள். பிறகு தூங்கினாள். முப்பத்தைந்து நிமிடம். அந்த மூன்று நாளில் பகலில் அவள் தொட்டிலில் தூங்கியது அந்த முப்பத்தைந்து நிமிடம்தான், அதற்குக் காரணம் நான். ஒரு நன்றி? “அக்கா, ஒரு வாய் தண்ணியாவது குடிச்சியா?” ஒன்றும் கிடையாது. நோட்டைப் பார்த்தாய், முகம் மாறியது, நாலு மணி பஸ்ஸுக்குக் கிளம்பினாய்.

அளந்தேன். அளப்பது என் வேலை. மருந்துக்கடைக்காரி காய்ச்சல் பார்த்தால் எழுதி வைக்க மாட்டாளா?

நவம்பரில் குளிருக்கு என்று அவளுக்கு ஒரு கம்பளிச் சட்டை அனுப்பினேன். பிரிக்காமலேயே திருப்பி அனுப்பினாய். நான் ஒட்டின நாடா அப்படியே இருந்தது. அந்தக் குழந்தைக்கு நான் ஒருத்திதான் அத்தை. பத்து மாதமாக அவள் உயரம்கூட எனக்குத் தெரியாது.

ஏரிக்கரை வீட்டுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.

அக்கா


ஏப்ரல் 19

அக்கா,

“ஒருத்தராவது தூக்காமல் இருந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன்.” இந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். என் மனைவிக்கு வாசித்துக் காட்டவில்லை. காட்டினால் அப்பாவையும் இனிப் பார்க்க விட மாட்டாள்.

உன் கடிதத்துக்கு ஒரு ராசி இருக்கிறது. அது வந்து சேர்ந்தது செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு எங்கள் வீட்டிலேயே பட்டாணி தூங்கவில்லை. தன் அறை, தன் படுக்கை, அம்மா பக்கத்தில். பன்னிரண்டு நாற்பதுக்குப் படுத்தவள் பத்து நிமிடம் புரண்டுவிட்டு எழுந்து உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். மூன்று மணி வரை அழுகை. நான் வேறு அன்றைக்கு எங்கள் கட்டட லிஃப்டுக்குக் கயிறு மாற்றும் வேலையில் இருந்தேன். மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை மெஷின் ரூமுக்குள்தான் நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் அழுவது எனக்குத் தெளிவாகக் கேட்டது. கையில் முழங்கை வரை கிரீஸ். பாதிக் கயிறு தொங்குகிறது, விட்டுவிட்டு வர முடியாது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டு வேலை செய்தேன். அப்போது உன்னை நினைத்துக்கொண்டேன், நல்லபடியாக இல்லை. ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அதைக் கேட்டுக்கொண்டே இவளால் எப்படி எழுத முடிந்தது என்று.

எனக்குக் கை கட்டிப் போட்டிருந்தது. உனக்கு என்ன கட்டிப் போட்டிருந்தது?

ஏரிக்கரைக்கு வேறு ஆளைப் பார். அப்பாவை நான் ஒரு நாள் தனியாக வந்து பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 23

தம்பி,

திட்டுவதைப் பிறகு வைத்துக்கொள். இந்தக் கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி.

ராசியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மெயின் சுவிட்சை இறக்கினேன் என்று நீயே எழுதியிருக்கிறாய். இறக்கினால் மோட்டார் நிற்கும். மோட்டாருக்குக் காற்று வீசுகிற பெரிய காற்றாடியும் நிற்கும். அந்தக் காற்றாடி பகல் இரவு ஓடுவது. உனக்கு அது கேட்பதே இல்லை, ஏனென்றால் நீ அதற்குள்ளேயே இருக்கிறாய். உன் மகள் பிறந்ததிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்கியிருக்கிறாள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அலமாரியிலிருந்து போன வருடத்து நோட்டை எடுத்தேன். நீ இரண்டு வரி பார்த்தாய், மீதியைப் பார்க்கவில்லை. அப்படியே எழுதுகிறேன்.

12.50 – 88
1.00 – 94
1.10 – 97
1.20 – 95
1.22 – பம்ப் ஓடுகிறது
1.27 – 62
1.30 – அழுகை இல்லை
1.35 – 46
2.05 – பம்ப் நின்றது. 24
2.06 – 91

மலை வீட்டின் தண்ணீர்த் தொட்டிக்கு ஏற்றுகிற பம்ப், அந்த அறையின் பின்சுவரை ஒட்டி இருந்தது. மூன்று நாளைக்கு ஒரு தடவைதான் ஓடும். ஓட ஆரம்பித்த எட்டாவது நிமிடம் அவள் தூங்கினாள். நின்ற அடுத்த நிமிடம் எழுந்தாள். நான் தூங்க வைக்கவில்லை, பம்ப் தூங்க வைத்தது. வேடிக்கை என்னவென்றால், குழந்தை தூங்கும் அறைக்குப் பக்கத்தில் இப்படி ஓர் இரைச்சலா என்று அந்த வீட்டுக்காரரிடம் புகார் வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

எல்லாம் என் நோட்டிலேயே பத்து மாதமாக இருந்திருக்கிறது. குழந்தையை வைத்து எண் எழுதினேன், எண்ணைப் படிக்கவில்லை. நீ மோட்டாரை நிறுத்திவிட்டு, ஏன் அழுகிறாள் என்று மோட்டார் பக்கத்திலேயே நின்றாய். நம் இரண்டு பேர் தொழிலையும் சேர்த்து வைத்தால் ஒரு மூளை தேறாது போலிருக்கிறது.

ஏரிக்கரை வீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். துணி மெஷின் விடுதியின் கடைசி அறைக்குத் திரும்பப் போனேன். 47. உன் வீட்டுச் சுவருக்கு ஒன்று குறைவு. இரவில் மெஷின்கள் நின்றாலும் உலர்த்தும் அறையின் காற்றாடி விடியும் வரை ஓடுமாம்.

பிரச்சினை தீர்ந்தது. தேதி சொல்.

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

நீ சொன்னது சரி. சோதித்தும் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை என் மாமனார் வீட்டில் அவளைப் படுக்க வைத்தோம், தூங்கவில்லை. சமையலறையில் புகை உறிஞ்சும் காற்றாடியை ஓடவிட்டுக் கதவைத் திறந்து வைத்தோம். ஆறே நிமிடம். என் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். போன வருடம் வராந்தாவில் நடந்ததெல்லாம் வீண் என்று தெரிந்தால் யாருக்கும் கால் வலிக்கும்.

காரணத்தைக் கண்டுபிடித்தாய். கெட்டிக்காரி. ஆனால் “பிரச்சினை தீர்ந்தது” என்று எழுதினாயே, அதைப் படித்தபோது எனக்கு வந்த கோபம் போன வருடம்கூட வரவில்லை.

நான் காரணம் கேட்டேனா? பட்டாணி ஏன் தூங்கவில்லை என்று உனக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை, அவள் அம்மாவுக்கும் தெரியவில்லை. அதற்காக யாரையும் நான் திட்டவில்லை. ஒரு மணிக்கு 94 என்று எழுதினாய். அப்போது கதவைத் திறந்திருக்கலாம். 1.10-க்கு 97. அப்போதும் திறந்திருக்கலாம். அடுத்த பத்து நிமிடத்துக்குக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பம்ப் ஓடாமல் போயிருந்தால் அந்தப் பக்கம் எத்தனை வரிக்கு நீண்டிருக்கும்?

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அன்றைக்குக் கிளம்பும்போது என் மனைவி வண்டியில் ஏறவில்லை. “நான் இருக்கேன், மருந்துப் பேரை எழுதித் தரேன், நீங்க மட்டும் போங்க. உங்கக்கா தூக்க மாட்டாங்க, எனக்குத் தெரியும்” என்றாள். “அக்காதானே, பேசாம வா” என்று கையைப் பிடித்து ஏற்றினேன். அந்த “அக்காதானே”வை அவள் பத்து மாதமாக மறக்கவில்லை. கத்த மாட்டாள். ஏதாவது பேச்சில், நான் எதையாவது உறுதியாகச் சொன்னால், “ம், அக்காதானே” என்பாள்.

உன் மேல் நம்பிக்கை வைத்து என் வீட்டில் என் மூக்கு உடைந்தது. இதற்கு உன் மெஷினில் எண் இருக்கிறதா?

தம்பி


மே 4

தம்பி,

ஐந்து நாள் இதை எழுதினேன். எழுதிக் கிழித்ததில் குப்பைக்கூடை நிறைந்தது.

அந்த ஏழு கட்டளைத் தாளில் கடைசி வரி, “அழுதால் உடனே தூக்கவும்.” எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான். எனக்குக் கதவில் ஒட்டிச் சொல்லித் தருகிறாளே என்று. நீங்கள் வண்டியில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டேன், இன்றைக்குத் தூக்கப் போவதில்லை, திரும்பி வந்து பார்க்கட்டும் என்று. குழந்தைக்காக இல்லை. அவளுக்கு ஒரு பாடம்.

நீ கேட்டாயே, என்ன கட்டிப் போட்டிருந்தது என்று. அதுதான்.

நோட்டில் இல்லாத ஒன்று உண்டு. அந்த மூன்று நாளில் பட்டாணி என்னைக் கூப்பிடக் கற்றுக்கொண்டிருந்தாள். முழுதாக வராது. “த்தே” என்பாள். ஒரு மணி சுமாருக்கு அழுகை நடுவில் அது வர ஆரம்பித்தது. அம்மா என்று அழவில்லை. அம்மா வெளியே போனது அவளுக்குத் தெரியும், கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறது என்பதும் தெரியும். “த்தே, த்தே” என்று என்னைத்தான் கூப்பிட்டாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிடித்தது திறக்க. திறக்கவில்லை. ஒரு எண்ணை எழுதினால் அடுத்த பத்து நிமிடம் தாண்டிவிடலாம் என்றிருந்தது. எழுதினேன். மீட்டரில் 97 வந்தது. அதில் என் பெயர் வராது.

பத்து மாதமாக நீ சரியாகத்தான் கோபப்பட்டிருக்கிறாய். நான் செய்தது தப்பு. பம்ப் ஓடியிருந்தாலும் தப்பு, ஓடாவிட்டாலும் தப்பு. உன் மனைவிக்குத் தனியாக ஒரு தாள் வைத்திருக்கிறேன். நீ படிக்காதே, அவளிடம் கொடு.

இத்துடன் இருப்பது நோட்டின் அந்தப் பக்கம். அது ஆபீஸ் நோட்டு, பக்கங்களுக்கு எண் போட்டிருக்கும், கிழிக்கக் கூடாது. கிழித்துவிட்டேன். கேட்டால் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

அறை பற்றி. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் தெரிந்திருக்கட்டும். விடுதியில் இரண்டு மணிக்குத்தான் சாவி கொடுப்பார்களாம். பட்டாணி படுக்கும் நேரம் பன்னிரண்டு நாற்பது. வரவேற்பில் இருந்த பெண்ணிடம் சண்டை போட்டேன். “மேடம், விதிமுறை” என்றாள். “உனக்குக் குழந்தை இருக்கா?” என்றேன். “ரெட்டைங்க மேடம்” என்றாள். பதினொன்றரைக்குத் தருவதாகச் சொல்லிவிட்டாள். ஜன்னல் திரை மெல்லிசு, கறுப்புத் துணி தைத்து வைத்திருக்கிறேன். தொட்டில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் சரியாக நிற்கும். அது டேப்பால் அளந்தது, மன்னித்துக்கொள்.

போன புதன்கிழமை பன்னிரண்டு நாற்பதிலிருந்து இரண்டே முக்கால் வரை அந்த அறையில் கதவை மூடிக்கொண்டு படுத்துப் பார்த்தேன். மீட்டரைக் கொண்டுபோகவில்லை. என் காதுக்குச் சகிக்க முடியாத சத்தம். ஒரு பொட்டுத் தூங்கவில்லை.

அக்கா


மே 11

அக்கா,

வருகிறோம். ஜூன் எட்டு, பதினொன்றரைக்கு விடுதியில் இருப்போம். அப்பாவிடம் நானே சொல்லிவிட்டேன். “காதுக் கருவியைக் கொண்டு வரலாமா, வீட்டுலயே வச்சுட்டு வரவா?” என்று கேட்டார். கொண்டு வரச் சொன்னேன்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. “த்தே” பற்றி நீ எழுதியதைப் படித்தபோது இன்னும் கொஞ்சம் ஏறியது. சொல்லாமலேயே இருந்திருக்கலாம். சொன்னதால் வருகிறோம்.

நோட்டுப் பக்கம் வந்தது. கிழிக்கத்தான் எடுத்தேன். கிழிக்கவில்லை, என் டூல் பெட்டியின் மூடிக்குள் வைத்திருக்கிறேன். உன்னோடு அடுத்த சண்டைக்குத் தேவைப்படும்.

உன் தாளை அவளிடம் கொடுத்தேன். படித்தாள். என்ன எழுதியிருந்தாய் என்று எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு நிபந்தனை போட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், என் வார்த்தை இல்லை இது. நானாக இருந்தால் உன்னை அந்த அறைப் பக்கமே விட மாட்டேன்.

“முதல் நாள் மத்தியானம் உங்கக்காதான் அவளைப் படுக்க வைக்கணும். கதவுக்கு உள்ள இருந்து. நாம ரெண்டு பேரும் வெளிய நிப்போம். அழுதா அவங்க தூக்கட்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் நாம உள்ள போகக் கூடாது.”

“பட்டாணிக்கு அவளை ஞாபகம் இருக்காதே, அலறுவாளே” என்றேன்.

“உங்கக்காதானே” என்றாள். இந்தத் தடவை சிரித்த மாதிரி இருந்தது, நிச்சயமாகச் சொல்ல முடியாது.

தொட்டிலைக் கொண்டு வா. மீட்டர் வேண்டாம். கடிகாரத்தையும் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போ. வெளியே நின்று நேரம் பார்க்கிற வேலையை இந்த வருடம் நான் செய்கிறேன்.

தம்பி